ஆள் பாராத ஒளி

கலங்கரை விளக்கம் என்னும் தொடரை வகுப்பில் பிரித்துக் காட்டச் சொன்னால் மாணவர் பெரும்பாலோர் கலம், கரை, விளக்கம் என்று பிரிப்பர். கலத்திற்குக் கரையைக் காட்டும் விளக்கம் என்று பொருளும் கூறிவிடுவர். கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கும். ஆயினும் பழைய உரைகாரர் கொண்ட பொருள் அதுவன்று. காகம் கரைகின்றது என்கிறோமே, அந்தக் கரைதலே இங்கும் வந்துள்ளது. கரைதல் என்பது அழைத்தல். திசை தெரியாது கடலில் அலையும் கலங்களைக் கூவி அழைக்கும் விளக்கு என்பதே அத்தொடரின் பொருள். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை, புகார்க் கடற்கரையில் இரவில் ஒளிர்ந்த பலவகை விளக்குகளுள் இதனையும் ஒன்றாக வைத்து எண்ணுகின்றது. பெரும்பாணாற்றுப்படையும் நீர்ப்பெயற்று என்னும் துறையில், ஏறுதற்கரிய உயர்ந்த மாடத்தின் உச்சியில் இரவுதோறும் ஏற்றப்பட்ட விளக்கைப் பாடுகின்றது. ஒளிக்கு வாய் உண்டென்றும், அது கூப்பிடும் என்றும் எண்ணிய அந்த முன்னோரின் கற்பனை வியப்புக்குரியது.

ஆனால் விளக்கு உண்மையிலேயே அழைக்கிறதா? துறைமுகத்து விளக்கு அழைக்கிறது என்று சொல்லலாம். பாறைமேல் நிற்கும் விளக்கு அழைப்பதில்லை. அது விலகிப் போ என்று எச்சரிக்கிறது. சிலாங்கூர்க் கரைக்கு அப்பால், நடுக்கடலில், ஒரு பாக ஆழமே உள்ளது என்று பெயர் பெற்ற மணல்திட்டின்மேல் 1907-இல் கட்டப்பட்ட விளக்கம் ஒன்று உண்டு. அதனை நம்பி அதன் அருகே செல்லும் கப்பல் தரைதட்டும். அதனை நம்பி அதனைவிட்டு அகலும் கப்பல் பிழைக்கும். ஆதலின் கலங்கரை விளக்கம் ‘இங்கே வா’ என்றும் சொல்வதில்லை, ‘அங்கே போ’ என்றும் சொல்வதில்லை. ‘நான் இருப்பது இவ்விடம்’ என்பதொன்றே அது கூறும் செய்தி. எங்கே செல்வதென்று முடிவு செய்பவன் மாலுமி.

இங்கேதான் ஓர் அறவினா எழுகின்றது. மாலுமி எவனாயினும் அவ்விளக்கு இதே செய்தியை இதே அளவில் கூறுகின்றது. வணிகனுக்கும் கூறும், கொள்ளையனுக்கும் கூறும். தன் ஒளியால் பயன் கொள்பவன் யார், அப்பயனைக் கொண்டு அவன் என் செய்வான் என்று அது வினவுவதில்லை. இவ்வாறு ஆள் பாராது நன்மை செய்வது உயர்ந்த அறமா? அல்லது, அறம் என்று பெயர் சூட்டத் தகாத வெறும் பொறியியக்கமா? ஜெலாப்பாங் வாழ்வோராகிய நமக்குக் கடல் அண்மையில் இல்லை. மேற்கே லூமுட் வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் சென்றால்தான் அலையைக் காணலாம். நம்மைச் சூழ்ந்தவை சுண்ணாம்புக் குன்றுகளும், ஈயம் எடுத்து முடிந்த லம்பக் குட்டைகளும், வீட்டு நிலங்களாக மாறிய பழைய பால்மரக் காடுகளுமே. எனினும் இவ்வினா நம்மைச் சார்ந்தது என்றே கருதுகிறேன். ஏனெனில் நம் குடும்பங்களுள் பல இந்நாட்டை முதன்முதல் கண்டது ஒரு கலங்கரை விளக்கத்தின் ஒளியில்தான்.

பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில், கடல் மட்டத்திற்கு மேல் 240 மீட்டர் உயரமுள்ள குன்றின் உச்சியில், 1883-இல் மூக்கா ஹெட் விளக்கம் கட்டப்பட்டது. கோபுரம் உயரமானதன்று, 14 மீட்டர்தான். குன்றே அதற்கு உயரம் தந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கின் தொடுவானம் 55 கிலோமீட்டருக்கு அப்பால் விலகிச் செல்லும் என்பது கணக்கு. மூக்கா என்பது மலாய் மொழியில் முகத்தைக் குறிக்கும். நம் முகம் என்ற சொல்லும் அவர்தம் மூக்கா என்ற சொல்லும் ஒரே வடசொல்லின் உறவினர். எவருடைய முகத்தையும் பாராத விளக்கு, முகம் என்னும் பெயருடைய முனையில் நிற்பது ஒரு வேடிக்கை. 2003 முதல் அப்பகுதி பினாங்குத் தேசியப் பூங்காவாகப் பேணப்படுகின்றது. தெலுக் பகாங்கிலிருந்து காட்டுவழியே நடந்து, பின்னர்க் குன்றேற வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எம் பள்ளி மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றோம். செங்குத்தான ஏற்றம்; பிள்ளைகள் களைத்துப் போயினர். மேலே சென்றதும் ஒரு சிறுவன், ‘இவ்வளவுதானா?’ என்றான். அவன் ஏமாற்றம் நியாயமானதே. கலங்கரை விளக்கத்தைப் பகலில், அருகில் நின்று பார்ப்பவனுக்கு அது ஒரு சிறு கட்டடம். இரவில், தொலைவில், வழி தெரியாது வருபவனுக்கே அது விளக்கம்.

வழி தெரியாது வந்தோர் நம் முன்னோர். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, ஏறத்தாழ ஒரு வாரம் வங்கக் கடலைக் கடந்து, பினாங்கை அடைவது அக்காலப் பயணம். 1910 வரை ஒப்பந்தக் கூலிகளாகவும், அதன் பின் கங்காணிகளின் வழியாகவும், 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை அவர்கள் ஆயிரக்கணக்கில் வந்தனர். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா என்னும் கப்பல் 1973 வரை இத்தடத்தில் ஓடிற்று. அதன் பெயரை அறியாத பழைய தோட்டக் குடும்பம் பேராக்கில் இல்லை எனலாம். கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, வெயிலும் மழையும் தாங்கி வந்தவர்களுக்குப் பினாங்கு வரப்போகிறது என்னும் செய்தியை முதலில் உரைத்தது கங்காணி அல்லன். கப்பல் தலைவனும் அல்லன். வடமேற்கில் நின்ற அந்த ஒளிதான். ஆனால் அவ்வொளி எதனைச் சொல்லவில்லை என்பதையும் நாம் எண்ண வேண்டும். ஜெரெஜாக் தீவின் தொற்றுத்தடுப்பு முகாமில் அடைபட நேரும் என்று அது சொல்லவில்லை. காட்டுக் காய்ச்சலையும், லயத்து வீட்டையும், பிரட்டுக் களத்தில் விடியுமுன் நிற்க வேண்டியதையும் அது சொல்லவில்லை. ‘இங்கே தீவு இருக்கிறது’ என்று மட்டும் சொன்னது. அது பொய் சொல்லவில்லை, அவ்வளவே.

அவ்விளக்கை ஏற்றியவர் யாருக்காக ஏற்றினர்? நமக்காக அன்று. வெள்ளீயமும், பின்னர் இரப்பரும் ஏற்றிச் செல்லும் கப்பல்கள் பாறையில் மோதி நட்டம் நேராதிருக்கவே ஏற்றினர். ஆயினும் விளக்கின் ஒளி, ஏற்றியவனின் நோக்கத்திற்குள் அடங்கி நிற்பதில்லை. முதல் வகுப்பு அறையில் இருந்த துரைக்கும், மேல்தளத்தில் கிடந்த கூலிக்கும் அது ஒரே நொடியில், ஒரே அளவில் தெரிந்தது. ஒரே கப்பலில் இருவரையும் ஏற்றிய பின், ஒருவனைக் காத்து மற்றவனை மூழ்கவிட எந்த விளக்காலும் இயலாது.

இத்தன்மையின் மறுபக்கத்தை 1914-ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைக்கு வந்தது. உயர்நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்தில் 1894 முதல் இயங்கிவந்த கலங்கரை விளக்கு, போர்க்காலமாயினும் அன்றும் வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தது. பகைவனுக்கு அது நன்கு உதவிற்று. துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்த் தொட்டிகள் குண்டுபட்டு எரிந்தன. நகர மக்கள் பலர் அஞ்சி ஊரைவிட்டு ஓடினர். அடுத்த மாதம் 28-ஆம் நாள் வைகறையில் அதே எம்டன், பொய்யான நான்காவது புகைபோக்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு, ஆங்கிலக் கப்பல் போல் வேடமிட்டுப் பினாங்குத் துறைக்குள் நுழைந்து, செம்சுக் என்னும் உருசியப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. வெளியேறும்போது பிரெஞ்சுக் கப்பல் ஒன்றையும் கடலில் அழித்தது. நவம்பர் 9-இல் கோக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியிடம் அடிபட்டு அதன் கதை முடிந்தது. தமிழில் மட்டும் இன்னும் முடியவில்லை. சூழ்ச்சியில் வல்லவனை ‘அவன் பெரிய எம்டன்’ என்று நம் பெரியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கிறோம்.

எம்டனுக்கு வழிகாட்டிய சென்னை விளக்கைக் குற்றஞ்சாட்டலாமா? விளக்கைச் சாட்டுவதில் பொருளில்லை. அதனை அணைக்காதிருந்தவரைச் சாட்டலாம் என்போர் இருப்பர். அணைத்திருக்க வேண்டும் என்றே நானும் சொல்வேன். போர் நடக்கும்போது எரியும் விளக்கு நகரத்து உயிர்களைப் பகைவன் கையில் ஒப்படைக்கின்றது. ஆனால் அணைப்பது என்றால் எம்டனுக்கு மட்டும் அணைப்பது என்று பொருளன்று. அவ்விரவில் அரிசி ஏற்றி வந்த கப்பலுக்கும், கரை தேடிய மீனவனுக்கும் சேர்த்தே அணைக்க வேண்டும். இவ்விளக்கில் பாதி அணைத்தல் என்பதில்லை. ஒருவனுக்கு மறுக்க வேண்டுமாயின் எல்லார்க்கும் மறுக்க வேண்டும். எல்லார்க்கும் அளிக்க வேண்டுமாயின் தீயவனுக்கும் அளித்தே ஆக வேண்டும்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று ஐரோப்பிய வரலாற்றில் கூறப்படுவதுண்டு. இங்கிலாந்தின் தென்மேற்கே எடிஸ்டோன் பாறையில் 1696 முதல் 1698 வரை ஹென்றி வின்ஸ்டன்லி என்பவர் விளக்கம் கட்டிக்கொண்டிருந்தபோது, பகைநாடாகிய பிரான்சின் கப்பலொன்று அவரைச் சிறைபிடித்துச் சென்றது. செய்தி கேட்ட பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி, தமக்கு இங்கிலாந்தோடுதான் போரேயன்றி மனித இனத்தோடு இல்லை என்னும் கருத்துப்படப் பேசி அவரை விடுவித்தார் என்பர். மன்னர் பெருந்தன்மையால் செய்தாரா, தம் நாட்டுக் கப்பல்களும் அப்பாறையில் உடைகின்றனவே என்று கணக்கிட்டுச் செய்தாரா என்று ஐயுறுவாரும் உளர். இரண்டாவதே காரணமாயினும் அதில் இழிவு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. தன் நலமும் பகைவன் நலமும் ஒரே பாறைமேல் நிற்கின்றன என்று கண்டுகொள்வதும் அறிவுதான். வின்ஸ்டன்லி 1703-இன் பெரும்புயலில் தாம் கட்டிய விளக்கத்தோடு கடலில் மறைந்தார்.

பொருளியல் அறிஞரும் இவ்விளக்கை விட்டுவைக்கவில்லை. ஒளியைக் கண்டு பயனடைந்த கப்பல் பணம் தராமலே கடந்து செல்லக் கூடும். ஆதலின் கலங்கரை விளக்கத்தை எந்த வணிகனும் கட்டமாட்டான், அரசே கட்ட வேண்டும் என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 19-ஆம் நூற்றாண்டில் எழுதினார். 1974-இல் ரொனால்டு கோஸ் என்பவர் இங்கிலாந்தின் பழைய கணக்குகளை ஆராய்ந்து, தனியாரும் விளக்கங்கள் கட்டித் துறைமுகங்களில் கட்டணம் தண்டியதுண்டு என்று மறுத்தார். அவர்தம் வழக்கு பணத்தைப் பற்றியது. நம் வழக்கு அறத்தைப் பற்றியது. அதற்குத் துணைதேட நாம் வெளியே செல்ல வேண்டியதில்லை, திருவள்ளுவரிடம் செல்லலாம்.

வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரமும், ஒப்புரவறிதலுக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். இரண்டும் கொடுத்தலைப் பற்றியனவாயின் ஏன் இரண்டு? பள்ளிகளில் இவ்வேறுபாட்டை நாம் விரைவாகக் கடந்து விடுகிறோம். ஈகைக்கு ஆள் பார்க்க வேண்டும். பெறுவோன் வறியவனா என்று காண வேண்டும்; வறியவனல்லாதவனுக்குக் கொடுப்பது கைம்மாறு கருதியதாகிவிடும் என்பது அவர் கருத்து. ஒப்புரவில் அவர் காட்டும் உவமைகளோ வேறு: மழை, ஊர் உண்ணும் நீர் நிறைந்த குளம், ஊர் நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம். இவற்றுள் எதுவும் ஆள் பார்ப்பதில்லை. பழமரத்தின்கீழ் வருபவன் திருடனா என்று மரம் ஆராய்வதில்லை. கலங்கரை விளக்கம் இவ்வரிசையைச் சேர்ந்தது. அது ஈகையன்று, ஒப்புரவு. ஆள் பார்த்தல் ஈகைக்கு இலக்கணம். ஆள் பாராமை ஒப்புரவுக்கு இலக்கணம். ஒன்றன் அளவுகோலால் மற்றொன்றை அளந்தால் இரண்டும் கெடும்.

உவமை இவ்வாறிருக்க, வாழ்க்கை எவ்வாறு இருந்தது? ஊருணி என்றால் ஊர் உண்ணும் நீர். ஆனால் நம் முன்னோர் விட்டு வந்த ஊர்கள் பலவற்றில் ஊருணி ஊர் முழுவதற்கும் உரியதாக இல்லை. சேரி மக்கள் அக்குளத்தில் இறங்கக் கூடாதென்று வேலியில்லாத வேலி இருந்தது. மராட்டிய நாட்டு மகாட் என்னும் ஊரில் 1927 மார்ச் 20-இல் அம்பேத்கர் பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகியதே ஒரு போராட்டமாயிற்று என்றால், பொது என்னும் சொல் எவ்வளவு பொய்யாக வழங்கிற்று என்பதை உணரலாம். மலாயாவுக்குக் கப்பலேறியவருள் கணிசமானோர் அத்தகைய குளங்களில் நீர் மறுக்கப்பட்டவர்களே. குளத்தை மறித்த கை, மூக்கா ஹெட்டின் ஒளியை மறிக்க முடியவில்லை. நீர்க்குக் காவல் போடலாம். முப்பது மைல் தொலைவுக்குப் பரவும் ஒளிக்குக் காவல் போட முடியாது. இவ்வொன்றினாலேயே மழைக்கு அடுத்தபடி ஒப்புரவுக்குச் சிறந்த உவமை கலங்கரை விளக்கம் என்பேன். கரையிறங்கிய பின் அச்சாதிப் பிரிவுகள் லயங்களிலும் தொடர்ந்தன என்பதும் உண்மை. ஒளி கரை வரைதான் வந்தது.

மழைக்கும் விளக்குக்கும் உள்ள ஒரு வேறுபாட்டையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மழையை யாரும் பெய்விப்பதில்லை. ஆதலின் மழையைப் புகழலாமேயன்றி, மழைக்கு அறம் உண்டு என்று சொல்ல இயலாது. விளக்குக்கோ காவலர் இருந்தார். சென்னைக் கோட்டையில் 1796-இல் முதன்முதல் விளக்கு ஏற்றியபோது தேங்காயெண்ணெய் ஊற்றித் திரியிட்டு எரித்தனர். எண்ணெய் குறைந்தால் ஊற்ற ஒருவர் வேண்டும். திரி கருகினால் கத்தரிக்க ஒருவர் வேண்டும். பிரான்சின் பிரெனெல் 1820-களில் அமைத்த அடுக்கு வில்லைகள் வந்த பிறகு, சிறு சுடரின் சிதறிய ஒளியையெல்லாம் திரட்டிக் கடல்நோக்கிச் செலுத்த முடிந்தது. ஆனால் அவ்வில்லைகளில் படியும் கரியையும் உப்பையும் நாள்தோறும் துடைக்க வேண்டியதாயிற்று. சுழலும் விளக்குகளுக்குக் கடிகாரம் போன்ற பொறி இருந்தது. அதன் எடைக்கல் இறங்க இறங்க, இரவில் பலமுறை கையால் முறுக்கி ஏற்ற வேண்டும். காவலர் உறங்கினால் சுழற்சி நிற்கும். சுழற்சி நின்றால் விளக்கு வேறொரு விளக்காகத் தோன்றும்.

கடைசியாகச் சொன்னது மிகவும் கருதத் தக்கது. ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் தனித்த மின்னல் முறை உண்டு. இத்தனை நொடிக்கு ஒரு முறை, அல்லது இரண்டு முறை அடுத்தடுத்து என்று அது வகுக்கப்பட்டிருக்கும். மாலுமி அதனை எண்ணிப் பார்த்து, பட்டியலோடு ஒப்பிட்டு, இது இன்ன விளக்கு என்று அறிவான். அதனால்தான் ஒரு விளக்கின் முறையை மாற்றினாலோ, இடத்தை மாற்றினாலோ, முன்கூட்டியே உலகக் கப்பல்களுக்கெல்லாம் அறிவிக்கின்றனர். அணைந்த விளக்கினால் வரும் தீங்கைவிட மாறிப்போன விளக்கினால் வரும் தீங்கு பெரிது. அணைந்திருந்தால் மாலுமி எச்சரிக்கையோடு இருப்பான். மாறியிருந்தால் நம்பி மோதுவான். இவ்விளக்கிற்கு அருளைக் காட்டிலும் வாய்மையே முதன்மையான கடமை என்று தோன்றுகிறது. எல்லார்க்கும் ஒளி தருவது அதன் தன்மை. ஒரே முறையில் மாறாது தருவதே அதன் ஒழுக்கம்.

நிலத்து மக்களுக்கு அது வேறு வகையிலும் அடையாளமாகிவிடுகின்றது. சென்னை மெரினாவில் 1977 சனவரியில் இயங்கத் தொடங்கிய விளக்கம், கடலோடிகளைக் காட்டிலும் பேருந்துப் பயணிகளுக்கே மிகுதியும் பயன்படுகிறதோ என்று எண்ணும்படி, ‘லைட் ஹவுஸ்’ என்பது அங்கே ஒரு நிறுத்தத்தின் பெயர். அதற்கும் முன்னர், 1844-இல் ஏற்றப்பட்டுப் பின் ஓய்வு பெற்ற கருங்கல் தூணொன்று உயர்நீதிமன்ற வளாகத்தில் ஒளியில்லாமல் நிற்கின்றது. நம் பேராக்கிலும் 1885-இல் எழுந்த தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரம் நீர்த்தொட்டியாகவும் மணிக்கூண்டாகவும் இருந்து, ஆற்றுவழி வந்தோர்க்குக் குறியாகவும் நின்றது. கோடியக்கரையில் சோழர் காலத்தது என்று மக்கள் போற்றிய பழைய விளக்கக் கட்டடம் 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலையில் அழிந்தது. ஒளியிழந்து எத்தனையோ நூற்றாண்டாகியும் அதனை ஊரார் கலங்கரை விளக்கம் என்றே சுட்டி வந்தனர்.

இனி, இவ்வினா வகுப்பறைக்குள் எவ்வாறு நுழைகிறது என்பதைக் கூறவேண்டும். மே 16-ஆம் நாள் ஆசிரியர் தின விழாவில், ஆசிரியர் கலங்கரை விளக்கம் போன்றவர் என்று யாரேனும் ஒருவர் தவறாமல் சொல்வார். கைதட்டுவோம். இவ்வுவமையை ஒரு முறையேனும் சோதித்துப் பார்க்க வேண்டாமா? ஆறாம் ஆண்டுத் தேர்வாகிய யுபிஎஸ்ஆர் 2021-இல் நீக்கப்படும் வரை, தேர்ச்சி விழுக்காடு என்னும் எண் நம் பள்ளிகளின் மேல் பெருஞ்சுமையாக இருந்தது. சிறந்த மதிப்பெண் பெறக் கூடியவர் இன்னார் என்று பொறுக்கியெடுத்து, அவர்க்கு மாலை வகுப்பு நடத்துவது பல பள்ளிகளில் இயல்பாயிற்று. எஞ்சியோர் வீட்டுக்குச் சென்றனர். அக்காலத்தில் இளம் ஆசிரியை ஒருவர் என்னோடு வாதிட்டார். வாரத்தில் இரு நாள் வரும் மாணவன் ஒருவனைக் குறித்துப் பேச்சு. அவன் அண்ணன் கும்பலில் சேர்ந்து சிறையில் இருந்தான். தம்பியும் அவ்வழியே செல்வான் என்பது பலருடைய எதிர்பார்ப்பு. ‘ஐயா, இவனுக்குக் கணக்குச் சொல்லித் தந்தால் அதைக் கொண்டு எங்கே போய் நிற்பான் என்று தெரியாதா? அந்த நேரத்தை இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்தால் ஒரு குடும்பமே முன்னேறுமே’ என்றார். அவர் கல்நெஞ்சர் அல்லர். நேரம் குறைவு, ஆள் குறைவு என்னும் நிலையில் எழுந்த நேர்மையான கேள்வி அது. எம்டனுக்கு விளக்குக் காட்டலாமா என்று கேட்டதற்கு ஒப்பானது.

என் விடை இது. கூடுதல் நேரம், கூடுதல் உதவி, சொந்தப் பணம் ஆகியவை ஈகையைச் சேர்ந்தவை. அவற்றிற்கு ஆள் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால் வள்ளுவர் சொன்னபடி வறியவனை நோக்கிப் பார்க்க வேண்டும், வெற்றி தரக்கூடியவனை நோக்கி அன்று. பாடமோ ஒப்புரவைச் சேர்ந்தது. அது ஊர் நடுவே உள்ள மரம். இவன் நாளை தீயவனாகலாம் என்று கருதி ஒருவனுக்குப் பாடத்தை மங்கச் செய்தால், அம்மங்கல் அவனோடு நிற்பதில்லை. ஆசிரியர் தம்மை அறிந்து வைத்திருக்கிறார், தமக்குள் தரம் பிரித்திருக்கிறார் என்பதைப் பிள்ளைகள் எல்லாரும் உடனே கண்டுகொள்வர். முன்வரிசையில் இருப்பவனும், தான் ஒரு நாள் தவறினால் தனக்கும் ஒளி நின்றுவிடும் என்று அறிந்துகொள்வான். ஒருவனுக்கு அணைத்த விளக்கு எல்லார்க்கும் அணைந்ததாகவே ஆகிவிடுகிறது. தவிரவும், ஒரு சிறுவனை எம்டன் என்று பத்து வயதில் தீர்மானிக்க நமக்கு என்ன தொலைநோக்காடி இருக்கிறது?

ஆயினும் ஆசிரியர் தம்மை விளக்கு என்று எண்ணிக்கொள்வதையும் நான் ஏற்கமாட்டேன். விளக்குக்குக் கண் இல்லை. தன் ஒளியில் கப்பல் சென்றதா, கவிழ்ந்ததா என்று அது அறியாது. அறிந்தாலும் இடம்விட்டு அசையாது. ‘நான் பாடம் நடத்தினேன், கேட்பதும் கேளாததும் அவன் பாடு’ என்று சொல்லும் ஆசிரியரும் நிலைபெயராது ஒளி வீசுபவர்தாம். அவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. ஒப்பிட வேண்டுமாயின் காவலரோடு ஒப்பிடலாம். அவர் ஏற்றுகிற ஒளி ஆள் பார்க்காது, அவர் பார்ப்பார். புயலில் கப்பல் உடைந்தால் படகை இறக்கிச் சென்ற காவலர்களைக் கடல் வரலாறு அறியும். 1838-இல் இங்கிலாந்தின் லாங்ஸ்டோன் விளக்கத்துக் காவலரின் மகள் கிரேஸ் டார்லிங், தந்தையோடு துடுப்பு வலித்துச் சென்று, உடைந்த கப்பலில் எஞ்சியிருந்தோரை மீட்டார். விளக்கு அன்றும் தன் கடமையைச் செய்தது; அது போதவில்லை. அம்மாணவன் பள்ளிக்கு வராத நாளில் அவன் வீட்டு வாயில்வரை சென்று கேட்பது படகை இறக்குதல் போன்றது. பாடத்தில் ஆள் பாராமையும், பாடத்திற்கு வெளியே ஆளைப் பார்த்தலும் ஒரே ஆசிரியரிடம் இருக்க முடியும். எளிதென்று சொல்லமாட்டேன்.

இப்போது காவலர்களும் இல்லாமற் போயினர். உலகெங்கும் விளக்கங்கள் தானியங்கிகளாயின. இங்கிலாந்தின் கடைசிக் காவலர்கள் 1998-இல் கீழிறங்கினர். பகலவன் ஒளியில் மின்னேற்றிக்கொண்டு இரவில் தானே எரியும் விளக்கில் அறம் எங்கே இருக்கிறது என்று ஒரு மாணவன் கேட்பானாயின், அதற்குப் பணம் தருபவரைச் சுட்டிக்காட்டலாம். தீபகற்ப மலேசியாவில் விளக்கங்களுக்கான கட்டணத்தை, 1953-இன் சட்டப்படி, நம் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களிடம் பெறுகின்றனர். துறைமுகம் தொடாமல் நீரிணை வழியே கடந்து செல்லும் கப்பலிடம், கடந்து சென்றாய் என்பதற்காக மட்டும் கட்டணம் கேட்க 1982-இன் கடற்சட்ட ஒப்பந்தம் இடந்தரவில்லை. பயன்படுத்தும் நாடுகளும் கரையோர நாடுகளும் ஒத்துழைக்க வேண்டும் என்று மட்டும் அது கூறுகிறது. ஜப்பானிய அமைப்புகள் 1960-களின் இறுதியிலிருந்தே மலாக்கா நீரிணையின் வழிகாட்டிகளுக்குத் தாமாகவே உதவி வந்துள்ளன. 2007-இல் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து ஒரு நிதியை ஏற்படுத்தின. அதில் விரும்பியோர் செலுத்தலாம். ஆண்டுக்கு 80,000-க்கு மேற்பட்ட கப்பல்கள் இந்நீரிணையைக் கடக்கின்றன. அவற்றுள் பலவற்றின் உரிமையாளர் ஒரு காசும் தந்தவரல்லர். இன்றிரவும் அவை நம் கரையோர விளக்குகளை எண்ணிப் பார்த்துத் தம் இடத்தைக் குறித்துக்கொண்டு செல்லும்.